அம்பத்தூரில் ஆகாதது ஒன்று

ஒரு வண்டியில் அதைச் செய்தவன் வைத்ததை எடுத்துவிட்டு நாம் வேறொன்றை வைத்தால், அந்த மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. கட்டணமும் உண்டு, அன்றைக்கு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு. போக்குவரத்து அலுவலகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு இது என் வீட்டு விலாசத்தைப் போல மனப்பாடம். கரையான்சாவடியில் என் எதிர்வீட்டில் இருந்த மனிதருக்கும் மனப்பாடமாகியிருக்க வேண்டும். அத்தனை முறை சொல்லியிருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக ஒரு தடவைகூட அவர் அந்தப் படிவத்தைக் கேட்டதில்லை.

"அத்த எழுதி இன்னா சார் ஆவப்போவுது? வண்டி ஓடுதா இல்லியா, அத்தப் பாருங்க" என்பார்.

வண்டி ஓடவில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

அவர் குள்ளம், நல்ல பருமன். அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு கோடியில் தகரக் கொட்டகை, அதில் மூன்று லேத். பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சாமான்களை, ஆணி, புஷ், வளையம் என்று கடைந்து கொடுப்பது தொழில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போதும் நிற்கும். உடைந்த பொருள் எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. பட்டுவிட்டால் அதை அளந்து, கழற்றி எடுத்துக்கொண்டு போய், இரண்டு நாளில் பித்தளையிலோ இரும்பிலோ புதிதாகக் கடைந்து கொண்டுவந்து மாட்டிவிடுவார். பழையதைவிடப் புதியது மூன்று மடங்கு கனமாக இருக்கும். என் குடையின் கைப்பிடி விரிசல் விட்டதை ஒரு மழைநாளில் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குடையைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கடையில் ஐந்து ரூபாய்க்குப் புதுக் கைப்பிடி கிடைக்கும் என்று சொன்னேன்.

"கடையில இன்னாத்துக்கு சார் வாங்கணும்? அம்பத்தூர்ல ஆவாதது இன்னா கீது?"

இந்த ஒரு வாக்கியத்தில் அந்த மனிதர் முழுவதுமாக இருந்தார். வேறு சித்தாந்தம் எதுவும் அவரிடம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் இந்த மனிதர் வெளிநாட்டுக் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தினார். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்துக்காரர்கள் ஓட்டிக் களைத்து விட்டுப்போனது. எந்தக் கம்பெனியின் வண்டி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தேசத்தில் காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பி, அலுப்பே தெரியாமல் அடுத்த தேசத்தில் இரவு உணவுக்குப் போய் இறங்குவதற்கென்று கட்டிய வண்டி அது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், தோல் இருக்கை, கூரையில் திறந்து மூடும் ஒரு ஜன்னல். கதவுக் கண்ணாடிகளைச் சுற்றிச் சட்டம் கிடையாது. இறக்கிவிட்டால் பக்கவாட்டில் ஒரு தூண்கூட இல்லாமல் முன்னாலிருந்து பின்வரைக்கும் ஒரே திறப்பு. லேசான பச்சை ஓடிய வளைந்த கண்ணாடி. அழகான வண்டிதான். பொய் சொல்ல மாட்டேன்.

ஏலத்துக்குப் போவதற்கு முன்பே அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். இந்த ஜாதி வண்டிக்குக் கொடுக்கும் விலை வெறும் நுழைவுச் சீட்டு. செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். எரிபொருளைப் பீய்ச்சி அடிக்கும் கருவி அடைத்துக்கொள்ளும். பின்பக்கத்தைத் தூக்கிப்பிடிக்கும் எண்ணெய் அமைப்பு ஒழுகும். நம் ஊர் வெயிலுக்கு அந்த ரேடியேட்டர் பொங்கும். கூரை ஜன்னலின் வடிகால் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். மின்சாரக் கண்ணாடிகள் பாதி வழியில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உதிரிபாகம் பம்பாயில் ஒரு ஏஜெண்டிடம் சொல்லி, பணம் கட்டி, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். நான் என் மேஜையில் எத்தனை சொந்தக்காரர்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாகந்தான சார் பிரச்சினை?" என்றார்.

அவருக்கு ஒரே பெண், ஸ்டெல்லா. அப்போது மூன்றாம் வகுப்பு. வண்டி வந்து நின்ற அன்று சாயங்காலம் அவளைத் தூக்கி முன் இருக்கையில் உட்கார வைத்தார். கால் தரையில் எட்டவில்லை. தெருவே கூடி நின்றது.

"ஏ ஸ்டெல்லா, உன் கல்யாணத்துக்கு இதுலதான் கோயிலுக்குப் போற. டாடிதான் ஓட்டுவேன். ஓகேவா?"

"ஓகே டாடி" என்றது குழந்தை.

பத்துப் பேர் காதில் விழ அவர் கொடுத்த வாக்கு அது. அதை அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் எல்லோரும் சௌகரியமாக இருந்திருப்போம்.

முதலில் போனது கியர் கம்பியின் தலையிலிருந்த மரக்குமிழ். வெடித்துவிட்டது. அவர் பித்தளையில் ஒன்று கடைந்தார். மாம்பழ அளவு, எடை முக்கால் கிலோவாவது இருக்கும். எந்தக் குலுக்கலிலும் கழன்றுவிடக்கூடாது என்று மிக நெருக்கமாக, மிக நீளமாகத் திருகு மரை வெட்டியிருந்தார். வெயிலில் நின்ற வண்டியில் அந்தக் குமிழைப் பிடித்தால் கை வெந்துபோகும். அதனால் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கியர் போடுவார்.

பிறகு எரிபொருள் கருவி. பம்பாயில் சொன்ன விலை என் அரையாண்டுச் சம்பளம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நம் ஊர்க் கார் ஒன்றின் கார்புரேட்டரை இரண்டாக வாங்கி, இடையில் தானே வார்த்த ஒரு குழாயை வைத்துப் பொருத்தினார். வண்டி மூச்சுத் திணறியபடியே ஓடியது. ரேடியேட்டர் பொங்கியது, லாரி ரேடியேட்டரைத் திணித்தார். அதற்கு இடம் வேண்டி ஏ.சி. இயந்திரத்தைத் தூக்கி வெளியே போட்டார். பின்பக்கத்து எண்ணெய் அமைப்பு ஒழுகி, வண்டி தினமும் காலையில் மாடு படுத்திருப்பது போலப் பின்பக்கம் படுத்துக் கிடந்தது. வேனுக்குப் போடும் பட்டை ஸ்பிரிங்கை வைத்துத் தூக்கினார். அன்றிலிருந்து அந்தச் சொகுசு வண்டி பூந்தமல்லி சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்தது.

கூரை ஜன்னலில் மழைத்தண்ணீர் இறங்கியபோது வடிகாலில் ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் போதும் என்று நானே சொன்னேன். அது வேலைக்கு ஆகாது என்று ஃபைபர் போட்டு மொத்தமாக மூடிவிட்டார். கதவின் சாவித் துவாரங்களில் துரு பிடித்தது. பெயிண்ட் அடிக்கும்போது அவற்றின் மேல் பட்டி வைத்து வழவழவென்று தேய்த்துவிட்டார். "எங்க ஓட்டை இருந்துச்சின்னு கண்டுபுடிங்க பாக்கலாம்" என்று என்னிடமே சவால் விட்டார். உள்ளே கதவு திறக்கும் பிளாஸ்டிக் கைப்பிடிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அதற்கு மட்டும் அவர் இரும்பில் ஒன்று செய்து மாட்டவில்லை. காரணம் கேட்டேன்.

"கண்ணாடிய எறக்கிட்டு வெளிய கைய வுட்டு தொறந்துக்கலாமே சார். ஒரு வேலைய எதுக்கு ரெண்டு தபா செய்யணும்?"

இத்தனை மாற்றங்களில் பாதியை எழுதிக்கொள்ளச் சொல்லும் சட்டம் எது, எந்தப் படிவம், அலுவலகத்தில் எந்த ஜன்னல் என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவர் ஸ்கேலை எடுத்து என் வீட்டு வாசற்படியின் உயரத்தை அளந்துகொண்டிருப்பார்.

ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பெங்களூர் கிளம்பினார். வண்டி கட்டப்பட்டதே அப்படிப்பட்ட பயணத்துக்குத்தான் என்று எனக்கே பாடம் நடத்தினார். தக்காளிச் சாதம், அவித்த முட்டை, தண்ணீர்க் குடம் எல்லாம் ஏறின. குடம் குடிப்பதற்கல்ல, ரேடியேட்டருக்கு. மத்தியானம் சென்னீர்குப்பம் பக்கமிருந்து ஒரு டிராக்டர் வந்தது. அதன் பின்னால் கயிறு. கயிற்றின் பின்னால் அந்த வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஸ்ரீபெரும்புதூர் வரிக்கும் சோக்கா வந்துச்சு சார். இன்னா ஸ்மூத்து தெரியுமா?"

அவர் மனைவி இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். ஸ்டெல்லா மட்டும் என்னிடம் வந்து ரகசியம் போலச் சொன்னாள்: "அங்கிள், டிராக்டருதான் ஒரே சத்தம். எங்க வண்டி சத்தமே போடாம வந்துச்சு."

அந்த வீட்டில் அந்த வண்டியின் பேரில் ஒருபோதும் எரிச்சல்படாத ஆள் அவள் ஒருத்திதான். எப்படி அவளால் முடிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். "ஸ்பேனர குடு" என்றால் கொடுப்பாள். "இப்ப சரியாயிடும் பாரு" என்றால் "ம்" என்பாள். கல்லூரிக்குப் போகும் வயதிலும் அப்படித்தான்.

மனைவிக்கு அந்தப் பொறுமை இல்லை. இருக்கவும் தேவையில்லை. அவர் தினமும் அம்பத்தூருக்கு மொபெட்டில்தான் போய்வந்தார். கார் நிற்பதற்கு மட்டும். கம்பெனி ஆர்டர்களைத் தள்ளிப்போட்டுவிட்டு லேத்தில் கார் சாமான் கடைவார். ஆர்டர் கொடுத்தவர்கள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் அந்த அம்மாள் வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "மூணு லேத்து இருந்துச்சு சார். இப்ப ரெண்டு. அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு கேளுங்க. தோ நிக்குது பாருங்க, துணி போத்திகினு."

அவர் காதில் விழுந்தது. துணியைச் சரியாக இழுத்துவிட்டார்.

இந்த மனிதர் முடியாது என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஒருமுறை தெருவில் பையன்கள் அடித்த பந்து அந்தக் காரின் கதவுக் கண்ணாடியில் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனிதர் வெளுத்துப்போய்விட்டார். மறுநாள் அந்தக் கண்ணாடியைப் பல இடங்களில் அளந்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். பட்டணத்தில் இருந்த கண்ணாடிக் கடைகள், பஸ்ஸுக்குக் கண்ணாடி செய்யும் இடம், திருவொற்றியூர்ப் பக்கம் ஏதோ ஒரு உலை என்று ஒரு வாரம் அலைந்தார். அந்த வளைவுக்குத் தனி அச்சு வேண்டும், நூறு கண்ணாடிக்குக் குறைந்து அச்சுச் செய்ய மாட்டோம் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்களாம். பம்பாய் ஏஜெண்ட் சொன்ன விலையில் ஒரு பழைய லேத்தை வாங்கிவிடலாம். திரும்பி வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்.

"சார், இத்த மட்டும் நம்மளால பண்ண முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இழவு வீட்டில் பேசுவது போல இருந்தது. அன்றிலிருந்து கண்ணாடிகளுக்கு மட்டும் ராஜ உபசாரம். மெல்லிய துணி, தனி வாளி, வேறு யாரும் தொடக்கூடாது. காரை நிறுத்தும்போது கிரிக்கெட் நடக்காத பக்கமாகப் பார்த்து நிறுத்துவார். வண்டியில் அசலாக மிச்சம் இருந்தது என்று பார்த்தால் தகரக்கூடு, இருக்கை, கண்ணாடி. அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு ஆவடி. சம்பந்தி அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். பூந்தமல்லிப் பக்கத்துக் கோயிலில் பத்து மணிக்குத் திருமணப் பூசை. அடுத்த ஜோடிக்கு அதன் பின்னாலேயே நேரம் கொடுத்திருந்தார்கள். பங்குச் சாமியார் கண்டிப்பானவர். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் அடுத்த ஜோடியை உள்ளே அழைத்துவிடுவேன், நீங்கள் சாயங்காலம் வாருங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். சம்பந்திக்கு அந்தச் சாமியாரைப் பிடித்துப்போய்விட்டது.

நிச்சயதார்த்தத்தன்று பந்தியிலேயே சம்பந்தி கேட்டார்: "பொண்ணு அந்த வண்டில வருதாமே. தானா வருமா, இல்ல நாங்க ஆவடிலேந்து வந்து தள்ளணுமா?"

"நீங்க பூசைக்கு டைமுக்கு வந்துடுங்க சம்பந்தி. நாங்க உங்களுக்கு முன்னாடி நின்னுகினு இருப்போம்" என்றார் இவர்.

அன்று சாயங்காலமே மணப்பெண்ணின் தாய் என்னைத் தனியாக அழைத்தாள். "சார், நீங்கதான் ஒரு உதவி பண்ணணும். பூந்தமல்லி ஸ்டாண்டுல ஒரு அம்பாசடர் சொல்லிடுங்க. அவரு வண்டி பின்னாடியே வருவோம். வழில நின்னா எம்பொண்ண இதுல ஏத்திகினு போயிடுவோம். அவருக்குத் தெரிய வேணாம்."

வண்டி வழியில் நின்றால் என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துவிட்டோம். வண்டி நிற்காமல் வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். அந்த வண்டியில் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் பூட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. இன்ஜின் உறிஞ்சும் காற்றால் வேலை செய்வது. அது அவர் வாங்கியபோதே செத்துப்போயிருந்தது. இத்தனை காலம் கழித்து, கல்யாணத்தை உத்தேசித்து, மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய்களை வாங்கிவந்து அதற்கு உயிர் கொடுத்திருந்தார். ஒரு பொத்தானைத் தட்டினார். இரண்டு கதவும் சொல்லிவைத்தாற்போலக் 'களுக்' என்று பூட்டிக்கொண்டன. மறுபடி தட்டினார். திறந்துகொண்டன.

"பள்ளத்துல வண்டி எகிறி கதவு தொறந்துகிச்சின்னா? பொண்ணு வெள்ளப் பொடவையில கீறா. சேஃப்டி வேணாமா சார்?"

பின்னர் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். ரேடியேட்டர் விசிறிக்கு மின்சாரம் குறையக்கூடாது என்று, கண்ணாடி இறக்கும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். சாலையில் வேலை நடந்து ஒரே புழுதியாக இருந்ததால், கண்ணாடியை யாரும் இறக்கப்போவதில்லை என்பது கணக்கு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கல்யாணத்தன்று அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை நான் சாட்சி சொல்லியே ஆகவேண்டும். பின்னால் அம்பாசடரில் நானும் அந்த அம்மாளும். முன்னால் பூச்சரம் சுற்றிய நீண்ட மூக்குடன் அது. இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏறினால் பெண்ணின் புடவை கசங்கும் என்று ஸ்டெல்லா முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு திணறல் இல்லை, புகை இல்லை, எங்கும் நிற்கவில்லை. அந்த அம்மாள் ஜெபமாலையைக் கையில் பிடித்திருந்தாள். கோயில் வளைவு தெரிந்ததும், "போவுது சார், நெசமாவே போவுது" என்றாள். அவள் முகத்தில் நான் அந்த வண்டி சம்பந்தமாகப் பார்த்த முதல் சிரிப்பு அது.

வண்டி கோயில் வாசலில் அலுங்காமல் வந்து நின்றது. பத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் தங்கை பூச்செண்டோடு போய்க் கதவைத் திறந்தாள். திறக்கவில்லை. நான் போய் இழுத்தேன். திறக்கவில்லை. உள்ளே அவர் பொத்தானைத் தட்டினார். மறுபடி தட்டினார். புன்னகையோடு எங்களுக்குக் கையைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று. பிறகு புன்னகை இல்லாமல் தட்டினார்.

பூட்டுக்குப் பூட்டத் தெரிந்திருந்தது. திறப்பது மறந்துபோயிருந்தது.

நான் வெளியே நின்று ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். உள்ளே கைப்பிடிகள் கிடையாது. கண்ணாடி இறங்காது. சாவியை வெளியே கொடுக்க வழியில்லை. கொடுத்தாலும் நுழைக்கத் துவாரம் இல்லை. கூரை ஜன்னல் ஃபைபருக்கு அடியில் நிரந்தர நித்திரையில் இருந்தது. அந்த மனிதர் பத்து வருடமாக ரிப்பேர் செய்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. ஒவ்வொரு ரிப்பேரிலும் ஒரு வழியை அடைத்துக்கொண்டே வந்து, கடைசி வழியை நேற்று சாயங்காலம் என் கண்ணெதிரே அடைத்திருந்தார்.

பானெட்டை மட்டும் வெளியிலிருந்து தூக்க முடிந்தது. அம்பாசடர் டிரைவர் தூக்கி, கண்ணில் பட்ட குழாய்களையெல்லாம் பிடுங்கினார். இன்ஜின் நின்றது. பூட்டு நகரவில்லை. உள்ளே காற்றடித்த சின்ன விசிறியும் நின்றது. ஏ.சி.யைத்தான் ரேடியேட்டருக்காக எப்போதோ எறிந்தாயிற்றே. மே மாதம். உள்ளே ஸ்டெல்லாவின் முகத்தில் பவுடர் கரைந்து கோடு கோடாக இறங்கியது.

"இன்னா சார், எறங்க மாட்டாங்களாமா?" என்றார் சம்பந்தி.

"கதவு மாட்டிக்கிச்சு."

"நான் தள்ளணுமான்னுதான் கேட்டேன். ஒடைக்கணுமான்னு கேக்காம வுட்டுட்டேன்."

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து, சாமியார் உடை அணிந்து தயாராகிவிட்டார் என்றார். சிறிது நேரத்தில் மறுபடி வந்தார். சாமியார் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றார். அடுத்த கல்யாணத்துக்காரர்களின் வேன் வளாகத்துக்குள் நுழைந்து, எங்களுக்குப் பின்னால் நின்றது. அதிலிருந்து ஒரு மணப்பெண் எட்டிப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் ஒரு செங்கல்லை எடுத்தான். "மாமே, கண்ணாடிய அடிச்சிட்டா முடிஞ்சிது, தள்ளு." உள்ளேயிருந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் மேல் விரித்து வைத்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். என்னைப் பார்த்தார். கைகூப்பினார். அந்த வண்டியின் நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அவர் வாயசைவு மட்டும் தெரிந்தது. அது எனக்குப் பாடமான வாக்கியம்தான். இத்த மட்டும் முடியாது சார்.

எனக்கு வந்த கோபத்தில் செங்கல்லை நானே வாங்கியிருப்பேன். பெண்ணின் கல்யாணம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகப்போகிறது, சம்பந்தி வீடு சிரிக்கப்போகிறது, இந்த மனிதர் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்று, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போது ஸ்டெல்லா அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. பிறகு கோட்டைக் கழற்றினார். அதை அவள் தலையிலும் மடியிலும் போட்டு மூடினார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, கியர் கம்பியின் தலையிலிருந்த பித்தளைக் குமிழைப் பிடித்துத் திருக ஆரம்பித்தார்.

எந்தக் குலுக்கலிலும் கழலக்கூடாது என்று வெட்டிய மரை. திருகினார், திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். வாசலில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பருத்த மனிதர் குமிழ் திருகுவதைப் பார்த்தோம். அது ஒருவழியாகக் கையோடு வந்தது. ஸ்டெல்லாவின் பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி ஓர் அடி. ஒன்றும் ஆகவில்லை. நல்ல கண்ணாடி. இன்னொரு அடி. மொத்தக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் வெள்ளை பூத்து, பச்சை மணிகளாகப் பொலபொலவென்று உதிர்ந்தது.

சட்டம் இல்லாத ஜன்னல். வாசல் போலத் திறந்து கிடந்தது. முதலில் கையை நீட்டியது சம்பந்திதான். "வாம்மா, வா. பொடவையப் புடிச்சிக்க. நான் கீறேன்" என்று அவளைத் தூக்கி இறக்கினார். கடிகாரம் கதவில் இடித்ததை அவர் பார்க்கவில்லை. பின்னாலேயே, உள்ளே இருந்த மனிதரும் அதே வழியாக வர முயன்றார். பாதியில் மாட்டிக்கொண்டார். நானும் அம்பாசடர் டிரைவரும் இழுத்து எடுத்தோம். சட்டைப் பை கிழிந்தது. கீழே விழுந்த இரும்பு ஸ்கேலை அவர் எடுக்கவில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று கோயிலுக்குள் நடந்தார். பீடம் வரைக்கும் அவர்கள் உடையிலிருந்து கண்ணாடி மணிகள் உதிர்ந்துகொண்டே போயின.

விருந்தில் ஸ்டெல்லாவிடம் கேட்டேன், உள்ளே அப்படி என்ன சொன்னாய் என்று. மூச்சு முட்டுகிறது என்றோ, நேரமாகிவிட்டது என்றோ சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணும் அவசரம் இல்ல டாடி, நீ மெதுவா பாருன்னு சொன்னேன் அங்கிள்" என்றாள்.

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டு வாசலில் வண்டி நின்றது. உடைந்த பக்கத்தில் பழைய காலண்டர் அட்டையை ஒட்டியிருந்தார். காபியைக் குடித்து முடித்தார். வாசற்படியை அளக்கவில்லை.

"சார், கண்ணாடி மாத்துனா புக்குல எழுதணுமா?"

பத்து வருடத்தில் அவர் விதியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. அதுவும் விதி கிடையாத ஒன்றைப் பற்றி.

"கண்ணாடிக்கு வேண்டியதில்லை" என்றேன்.

"மத்ததெல்லாம்?"

"மத்ததில் பாதிக்கு மேல் எழுதணும். இன்ஜின் பக்கம், பின்பக்கத்துப் பட்டை. பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எழுதிடலாம் சார். நீங்களே எழுதுங்க. எனக்கு இன்னா தெரியும்?"

வீட்டில் ஒரு படிவம் எப்போதும் வைத்திருப்பேன்; பழக்கதோஷம். எடுத்து மேஜையில் விரித்தேன். செய்த மாற்றங்கள் என்ற இடத்துக்கு எதிரே ஒன்றரை வரி விட்டிருந்தார்கள். இதை அச்சடித்தவர்கள் இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று பேனாவைத் திறந்துகொண்டு யோசித்தேன். அவர் மேஜையின் மேல் எதையோ கனமாக வைத்தார். பித்தளைக் குமிழ். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இடுக்கில் இரண்டு மூன்று பச்சை மணிகள் ஒட்டியிருந்தன.

"மொதல்ல இத்த எழுதுங்க சார்."

கியர் குமிழ் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் குறிக்க எந்த விதியும் சொல்லவில்லை. எழுதினேன்.